ஃபியூல் பம்பின் பூர்வீகம்

கொரோலா ஆல்டிஸின் பின்சீட்டை முன்விளிம்பில் பிடித்து மேலே இழுத்தால் கழன்று வரும். அடியில் ஒரு மூடி. அதைப் பெயர்த்தால் ஒரு மின் இணைப்பு, பெட்ரோல் போகும் ஒரு குழாய், இரண்டையும் சுற்றி ஓர் அகன்ற வளையம். வளையத்துக்குக் கீழே, தொட்டிக்குள், பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறது ஃபியூல் பம்ப். கார் ஷோரூமைவிட்டு வந்த நாளிலிருந்து அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயில் மாற்றும்போது எட்டிப் பார்க்கிற பாகமல்ல அது. கார் நின்றால்தான் நினைவுக்கு வரும்.

ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் உருளை. உள்ளே மின்மோட்டார். மோட்டார் தண்டின் நுனியில் இம்பெல்லர் என்கிற சிறு பிளாஸ்டிக் சக்கரம், அதன் விளிம்பு முழுக்க நுண்ணிய பற்கள். அது சுழலும்போது உறிஞ்சப்படும் பெட்ரோல், மோட்டாரின் ஆர்மேச்சரையும் கார்பன் பிரஷ்களையும் நனைத்துக்கொண்டே மேலேறி எஞ்சினுக்குப் போகிறது. மின்சாரம் பாயும் பிரஷ் பெட்ரோலுக்குள் உரசுகிறதா என்று முதன்முதலில் கேட்பவர்கள் பதறுவார்கள். எரிவதற்குக் காற்று வேண்டும். பெட்ரோல் நிறைந்த பம்புக்குள் அதற்கு இடமில்லை. பெட்ரோல்தான் அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி, பெட்ரோல்தான் மசகு. இதை மறந்தால் பின்னால் வரும் பாதி விஷயம் புரியாது.

இந்தப் பம்புக்கு ஒரு முன்னோடி உண்டு. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் ஓடிய மோரிஸ் மைனரில் எஸ்.யூ. நிறுவனத்தின் மின்பம்ப் இருந்தது. சாவியைத் திருப்பினால் டிக் டிக்கென்று சத்தம் போட்டு, கார்புரெட்டர் நிறைந்ததும் அடங்கிவிடும். அதன் தொடுமுனைகள் தேய்ந்தால் பம்ப் உறைந்து நிற்கும். ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும். அந்தத் தலைமுறை டிரைவர்களுக்கு அதுவே வைத்தியம். கார்புரெட்டருக்குச் சொற்ப அழுத்தம் போதுமானதாக இருந்தது. இஞ்செக்ஷன் வந்தபின் கதை மாறியது. காற்றழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக, துடிப்பில்லாமல், இடைவிடாமல் பெட்ரோல் வர வேண்டும். அதற்குத்தான் பம்ப் தொட்டிக்குள் இறங்கியது.

இன்று சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் ஜப்பானியக் கார்களில் ஏராளமானவற்றின் பம்புகளுக்குப் பூர்வீகம் ஐச்சி மாநிலத்தின் கரியா நகரம். பம்ப் செய்யும் டென்சோ நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். 1949ல் டொயோட்டாவிலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. டொயோட்டாவுக்கு மட்டுமல்லாமல் ஹோண்டா, சுபாரு, மாஸ்டா, சுசுகி, மிட்சுபிஷி என்று பலருக்கும் பம்ப் செய்து கொடுத்தது. பெயர்ப்பலகை எதுவானாலும் தொட்டிக்குள் இருப்பது ஒரே குடும்பத்துப் பிள்ளை. தரம் நன்றாக இருந்தவரை இது எல்லாருக்கும் லாபம். குறை வந்தபோது அது எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வந்தது.

குறை இம்பெல்லரில் இருந்தது. ஒரு காலகட்டத்தில் வார்க்கப்பட்ட சக்கரங்களின் பிளாஸ்டிக் அடர்த்தி குறைவு. தயாரிப்பின்போது பயன்படும் கரைப்பான் உலர அதிக நேரம் எடுத்தால், அடர்த்தி குறைந்த அந்தச் சக்கரத்தின் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் விழுந்தன. வெடிப்பு வழியே பெட்ரோல் ஊறியது. ஊறிய சக்கரம் உருமாறி, பம்பின் உட்சுவரை உரசத் தொடங்கியது. இம்பெல்லருக்கும் சுவருக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் இடைவெளி மிகச் சிறியது. அது அடைபட்டால் மோட்டார் திணறும், பிறகு நின்றுவிடும். காருக்கு வயது அதிகமில்லை, பெட்ரோலும் நல்ல பெட்ரோல், ஓட்டியவர் மேலும் தவறில்லை. ஆனாலும் பம்ப் நின்றது.

2020 ஜனவரியில் டொயோட்டா முதல் திரும்பப்பெறுதலை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபருக்குள் உலகம் முழுவதும் 58 லட்சத்து 40 ஆயிரம் கார்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2020 ஜூலையில் மாருதி சுசுகி இந்தியாவில் வேகன்ஆர், பலேனோ என்று 1,34,885 கார்களைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2023 டிசம்பரில் உலக அளவில் 45 லட்சம் கார்களைச் சேர்த்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 ஜூலையில், ஜப்பானின் தொத்தோரி மாநிலத்தில் விரைவுச்சாலையில் பம்ப் செயலிழந்து நின்ற ஒரு கார்மீது பின்னால் வந்த லாரி மோதி ஓர் உயிர் போனது. அந்தக் கார் அன்றைக்குப் பட்டியலில் இல்லை. பம்ப் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது ஆபத்து.

சிங்கப்பூருக்கு வரும் புதுக் கார் கப்பலிலிருந்து பாசிர் பாஞ்சாங் முனையத்தில் இறங்கும். இறங்கியதுமே இந்த ஊரின் கணக்கு அதன்மேல் ஏறிவிடும். 1990ல் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ், எல்லாரும் சிஓஇ என்று சொல்வது, காருக்குப் பத்து ஆண்டு ஆயுள் தருகிறது. 2023 அக்டோபர் ஏலத்தில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 1,06,000 வெள்ளிக்கும் பெரிய கார்களுக்கானது 1,50,001 வெள்ளிக்கும் போனது. இது கார் விலையல்ல, காரை வைத்துக்கொள்ளும் உரிமையின் விலை. இப்படிக் கொட்டிக் கொடுத்து வாங்கியது ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் கிடந்தால் அந்த ஒரு வாரத்துக்கும் பணம் கரைந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் சிங்கப்பூரில் யூகத்தில் பாகம் மாற்றுவது மற்ற ஊர்களைவிட அதிகமாக உறுத்துகிறது எனக்கு.

பம்பின் வாழ்க்கையில் இந்த ஊருக்கென்று ஒரு வினோதமான நன்மையும் உண்டு. ஜொகூருக்குப் போகும் சிங்கப்பூர்க் கார் எல்லையைத் தாண்டும்போது தொட்டி முக்கால் நிறைந்திருக்க வேண்டும். 1989ல் பாதித் தொட்டி என்று தொடங்கிய சட்டம் 1991ல் முக்காலாக உயர்ந்தது. மலிவான பெட்ரோலுக்காக அக்கரை போவதைத் தடுக்க வந்த சட்டம் அது. பம்பை நினைத்து யாரும் எழுதவில்லை. ஆனால் நிறைந்த தொட்டியில் பம்ப் முழுக்கக் குளிர்ச்சியில் நிற்கிறது. ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்கள் செய்வது நேரெதிர். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் இன்னும் முப்பது கிலோமீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டு, தள்ளுபடி கிடைக்கும் நிலையத்துக்காகக் காத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டில், தேக்காவைத் தாண்ட முடியாமல் ஊர்ந்து நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். ஏசி முழுவீச்சில் ஓடுகிறது, தார்ச்சாலை கீழிருந்து கொதிக்கிறது, தொட்டியில் அடிமட்டப் பெட்ரோல். பம்புக்கு அதைவிடக் கடினமான மணிநேரம் கிடையாது.

பழுதாகும் பம்ப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லும். பின்சீட்டுப் பக்கமிருந்து முன்னில்லாத ஒரு ரீங்காரம். மேம்பாலம் ஏறும்போது மிதித்தும் இழுக்காமல் ஒரு தயக்கம். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் இரண்டு மூன்று முறை சுற்றிய பிறகு ஸ்டார்ட். பிறகொரு நாள் மத்திய விரைவுச்சாலையில் எஞ்சின் அடங்கிவிடும். விரைவுச்சாலையில் நின்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துப் போய் விடும். அதற்கு மேல் உங்கள் பொறுப்பு. அங்கே நின்றுகொண்டுதான் பலரும் அந்த மூன்று சொல்லை முதலில் கேட்கிறார்கள்: பம்ப் போச்சு சார்.

போயிருக்கலாம். ஆனால் பம்பைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன் விசாரிக்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் காது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பல கார்களில் பம்ப் இரண்டு விநாடி ரீங்கரித்து அழுத்தம் ஏற்றிவிட்டு அடங்கும். சத்தமில்லை என்றால் பம்ப் செத்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டொயோட்டாக்களில் பல, ஆன் நிலையில் பம்பை ஓடவே விடாது. ஸ்டார்ட்டர் சுழலும்போதுதான் ஓடும். அந்தக் காரில் அமைதி என்பது நோயல்ல. இன்னொருவர் ஸ்டார்ட் சுழற்ற, தொட்டியின் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்க வேண்டும்.

சுழற்றும்போதும் சத்தமில்லையா? பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் ஈஎஃப்ஐ ஃபியூஸ். பிறகு ரிலே; பக்கத்திலேயே அதே வகை ரிலே வேறு வேலைக்கு இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தொண்ணூறுகளின் ஹோண்டாக்களில் மெயின் ரிலேயின் ஈயப்பற்று விரிசல் விட்டு, காலையில் ஸ்டார்ட் ஆகும், மத்தியான வெயிலில் மறுக்கும். அந்த ஒரு பற்றுக்காக மாற்றப்பட்ட நல்ல பம்புகளை எண்ணி மாளாது. டாஷ்போர்டில் சாவிப்படம் போட்ட விளக்கு மின்னினால் இம்மொபிலைசர் தடுத்திருக்கிறது என்று பொருள். அப்போதும் பம்ப் ஓடாது. கிராங்க் சென்சார் சூட்டில் மயங்கினால் எஞ்சின் சுற்றுவதே கணினிக்குத் தெரியாது, அது பம்பையும் நிறுத்திவைக்கும். இதற்கு ஒரு எளிய அடையாளம்: பெட்ரோலும் வராது, பிளக்கில் பொறியும் வராது. இரண்டும் ஒரே நேரத்தில் இல்லையென்றால் பின்சீட்டைத் தொடாதீர்கள்.

பெட்ரோல் காட்டும் முள்ளையும் நம்ப முடியாது. மட்டம் அறியும் மிதவை பம்போடு சேர்ந்தே இருப்பது. அது சிக்கிக்கொண்டால் காலித் தொட்டியும் கால் தொட்டியாகத் தெரியும். ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பது அவமானமான சோதனை அல்ல.

மின்சாரத்தை அளக்கும்போது பம்பின் இணைப்பில், பம்ப் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்து பம்புக்கு 10 வோல்ட்தான் வருகிறதென்றால் நடுவில் துருவேறிய எர்த் வயரோ கருகிய பின்னோ இருக்கிறது. புதுப் பம்ப் போட்டாலும் அந்த 10 வோல்ட்தான் கிடைக்கும். அதுவும் சீக்கிரம் சாகும். மின்சாரம் சரியாக வந்தும் ஓடாத பம்பைக் கழற்றி மின்தடையைப் பார்க்கலாம். டொயோட்டா கையேடு சொல்வது 20 டிகிரியில் 0.2 முதல் 3 ஓம். தொட்டியின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஒருமுறை ஓடுகிறதா? பிரஷ் தேய்ந்த பம்பு அது. மோரிஸ் மைனர் காலத்து வைத்தியம் இங்கே சோதனையாக மட்டும் உதவும். அதை நம்பி வீட்டுக்கு ஓட்டிப் போகக் கூடாது.

ஓடுகிறது, ஆனால் சோர்வாக ஓடுகிறது என்பதுதான் கண்டுபிடிக்கச் சிரமமான நிலை. இங்கே பிரஷர் கேஜ் இல்லாமல் பேசுகிறவர் எவராக இருந்தாலும் யூகம்தான் சொல்கிறார். ஆல்டிஸில் வரும் 2இசட்ஆர் எஞ்சினுக்கு 304 முதல் 343 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்தும் 147க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பம்பிலுள்ள ஒருவழி வால்வு விட்டுக்கொடுக்கிறது, அல்லது இஞ்செக்டர் கசிகிறது. இரண்டுமே தாமதமான ஸ்டார்ட்டைத் தரும். பம்ப் மாற்றினால் முதலாவது மட்டும்தான் தீரும். ஸ்கேனரில் பி0171 வந்தால், அதாவது பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்றால், அது பம்பைச் சுட்டுகிற விரல் அல்ல. காற்று உறிஞ்சும் குழாயில் ஒரு வெடிப்பும் அதே எண்ணைத்தான் தரும். நின்ற இடத்தில் பெட்ரோல்-காற்றுக் கலவை கெட்டு, வேகத்தில் சரியானால் காற்றுக் கசிவு. நின்ற இடத்தில் சரியாக இருந்து, வேகத்தில் பெட்ரோல் பற்றாமல் போனால் பம்ப் அல்லது அடைத்த ஃபில்டர். இவ்வளவும் செய்ய நல்ல மெக்கானிக்குக் காலைப்பொழுதில் பாதி போதும். அந்த நேரத்துக்குக் காசு கேட்டால் கொடுங்கள். பார்க்காமலே மாற்றிய பாகத்துக்குக் கொடுப்பதைவிட அது குறைவு.

பம்ப்தான் என்று உறுதியான பிறகு கேள்வி மாறுகிறது. எந்தப் பம்ப்?

லிட்டில் இந்தியாவின் கிழக்கு ஓரத்தில், ஜாலான் புசாரும் சுங்கை ரோடும் சந்திக்கும் வட்டாரத்தில் மோட்டார் பாக வியாபாரம் தலைமுறை கண்டது. சீனாவின் புத்தியான் பகுதியிலிருந்து வந்த ஹெங்ஹுவா மக்கள் ரொச்சோர் பக்கம் குடியேறி, சைக்கிள், ரிக்‌ஷா என்று தொடங்கி மோட்டார் உதிரிப்பாகம்வரை அந்தத் தொழிலைக் கையில் வைத்திருந்தார்கள். பழைய பாகங்கள் நடைபாதையில் விரித்துக் கிடந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. ஒர்க்‌ஷாப்புகள் காக்கி புக்கிட், உபி, சின் மிங் என்று அடுக்குமாடித் தொழிற்கூடங்களுக்குள் போய்விட்டன. இன்று வாடிக்கையாளர் பாகக் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். மெக்கானிக் வாட்ஸ்அப்பில் சேஸிஸ் எண்ணை அனுப்புகிறார், டெலிவரிப் பையன் பெட்டியைக் கொண்டுவருகிறான். நடுவில் நடந்த தேர்வு நமக்குத் தெரிவதில்லை.

அந்தச் சேஸிஸ் எண் முக்கியம். மாடல் பெயரை மட்டும் சொல்லிப் பம்ப் வாங்கக் கூடாது. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு, எஞ்சினுக்கு எஞ்சின் அழுத்தம் மாறும், இணைப்பு மாறும். டொயோட்டாவில் 23220 என்று தொடங்கினால் பம்ப் மட்டும். 77020 என்று தொடங்கினால் பம்ப், மிதவை எல்லாம் சேர்ந்த முழு மாடியூல். பம்ப் மட்டும் வாங்கினால் மலிவு, ஆனால் பழைய பிளாஸ்டிக் கூட்டை நெம்பித் திறக்க வேண்டும். பத்து ஆண்டு பெட்ரோலில் கிடந்த கொக்கிகள் முறியும். கை பழகிய மெக்கானிக் என்றால் பம்ப் மட்டும் போதும். இல்லாவிட்டால் முழு மாடியூல். எதுவானாலும் உறிஞ்சு முனையின் வலைப்பையும் தொட்டி வாயின் ரப்பர் வளையமும் புதிதாக வேண்டும். வளையத்தில் மிச்சம் பிடித்தால் காருக்குள் பெட்ரோல் வாடை வரும், குழந்தைகள் உட்காரும் சீட்டுக்கு நேர் கீழே.

பிறகு பெட்டி. கார் நிறுவனப் பெட்டி, டென்சோவின் சொந்தப் பெட்டி, பாஷ் போன்ற பெயருள்ள மாற்று, பெயரே தெரியாத மலிவு, கழித்த காரிலிருந்து கழற்றியது. அச்சு அசல்போல் பெட்டி அச்சடிக்கும் போலிகளும் உண்டு. கார் நிறுவனப் பெட்டியை வாங்கினால் கவலையில்லை என்பதே பொதுவான அறிவுரை. பெரும்பாலும் சரி. ஆனால் 2024 அக்டோபரில் ஹோண்டா இந்தியா 90,468 கார்களை பம்புக்காகத் திரும்ப அழைத்தபோது, அதில் 2,204 கார்கள் எப்படிச் சேர்ந்தன என்று பாருங்கள். அவை பழைய மாடல்கள். தொழிற்சாலையில் பொருத்திய பம்பில் குறையில்லை. பின்னாளில் உதிரிப்பாகமாக மாற்றிய அசல் பம்பில்தான் குறை. 2017 ஜூனுக்கும் 2023 அக்டோபருக்கும் இடையே டீலர் கவுண்டரில் தனியாகப் பம்ப் வாங்கியவர்களையும் வந்து பார்க்கச் சொன்னது நிறுவனம். அதாவது நல்ல பம்பைக் கழற்றிவிட்டு, பணம் கொடுத்து, முத்திரையிட்ட பெட்டியிலிருந்து குறையுள்ள பம்பை மாட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த விவகாரத்தில் மனத்தைவிட்டு அகலாதது அந்த 2,204தான். பெட்டி அசலா போலியா என்பதோடு கேள்வி முடியவில்லை. எப்போது பிறந்தது என்பதையும் கேட்க வேண்டும். பழைய எண்ணுக்குப் பதிலாகத் திருத்திய எண் வந்திருக்கிறதா, பெட்டி அலமாரியில் எத்தனை ஆண்டு கிடந்தது, இரண்டையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 2022 செப்டம்பரில் டென்சோ தன் ஃபியூல் பம்ப் மாடியூல் தொழிலை அதே ஐச்சி மாநிலத்தின் ஐசான் நிறுவனத்துக்குக் கைமாற்றியது. ஆகவே புதிய அசல் பம்பில் டென்சோ பெயர் இல்லையென்றால் அதற்காகவே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

கழித்த காரின் பம்பை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் பழையது வாங்கலாம். பம்பின் பழுது வெளியே தெரியாது. தவிர, காலக்கணக்கைப் பாருங்கள்: குறையுள்ள பம்புகள் பிறந்த 2017, 2018, 2019ல் பதிவான கார்கள் பத்தாண்டை நெருங்கிப் பதிவு நீக்கத்துக்கு வரும் காலம் இது. அவற்றில் இலவசமாகப் பம்ப் மாற்றிக்கொண்டவையும் உண்டு, அழைப்புக் கடிதத்தை மடித்து வைத்தவையும் உண்டு. உடைக்கும் கூடத்து அலமாரியில் இரண்டு பம்பும் ஒன்றுபோலவே இருக்கும்.

அதனால் காசு செலவழிக்கும் முன்பே ஒன்மோட்டோரிங் தளத்தில் வாகன எண்ணைப் போட்டுத் திரும்பப்பெறுதல் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். இருந்தால் வேலை இலவசம்.

பதிவு நீங்கிய கார்கள் எல்லாம் உடைபடுவதில்லை. வலப்பக்க ஸ்டியரிங் ஓடும் நாடுகளுக்குப் பலவும் கப்பலேறுகின்றன. பம்பும் தொட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை கடல் கடக்கிறது. அங்கே வாங்குபவரிடம் சேஸிஸ் எண் இருக்கும், பம்ப் எப்போது, எந்த எண்ணில், யாரால் மாற்றப்பட்டது என்ற தகவல் இருக்காது. சிங்கப்பூரில் காரைக் கைவிடுகிறவர் பம்ப் மாற்றிய பில்லைக் கிழித்தெறிய வேண்டாம். கையுறைப் பெட்டியில் கையேட்டோடு சேர்த்து வைத்து அனுப்பட்டும்.